எட்டுப் பாகம் என்று சொன்னேன்

அன்றைக்கு எண்ணூர் உப்பளத்து ஆபீஸ் கொட்டகையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தாசில்தார். அங்கே இருந்த ஒரே நாற்காலி அவருக்கு.

அவருடைய குமாஸ்தா. காற்றில் காகிதம் பறக்காமல் இருக்க அதன் மேல் உப்புக் கட்டிகளை வைத்திருந்தார்.

டெல்லியிலிருந்து வந்த இன்ஜினீயர். சின்ன வயது. வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. தமிழ் தெரியாது. உப்பு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்.

காதர் பாய். தண்டையார்பேட்டையில் வலை நூலும் தூண்டிலும் விற்கிறவர். இந்துஸ்தானி பேசுவார். இன்ஜினீயர் சொல்வதைத் தமிழில் சொல்வதற்காக அவரை அழைத்து வந்திருந்தார்கள்.

எங்கள் முகத்துவாரக்குப்பத்தின் நாட்டார். குப்பத்துக்குத் தலைவர். புது வேட்டி கட்டியிருந்தார்.

பக்கத்துக் குப்பங்களிலிருந்து மூன்று பேர்.

என் மச்சான் காத்தவராயன். என் பெண்டாட்டிக்கு அண்ணன். அவரும் நானும் ஒரே கட்டுமரத்தில் போகிறவர்கள்.

நான்.

வருஷம் சரியாக நினைவில்லை. ஆந்திரா பிரிந்து போய்விட்டது. மழை இன்னும் பிடிக்கவில்லை. கொட்டகைக்குள் உப்புத் தூள் பறந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் கண் எரிந்தது.

இன்ஜினீயர் பேசினார். காதர் பாய் சொன்னார்.

"தொரை இன்னா சொல்றாருன்னா, கடலுக்கு அடில எண்ணெ கீதான்னு பாக்க கப்பல் வந்துகீது. தண்ணிக்குள்ள வெடி வெப்பாங்க. அந்த சத்தம் தரையில பட்டு திரும்பி வர்றத்த மிஷின்ல கேப்பாங்க. நீங்க மீன் புடிக்கிற எடத்துல வெடி வெக்க மாட்டாங்க. அதுக்கு அந்தாண்டதான் வெப்பாங்க. நீங்க எது வரிக்கும் போறீங்கன்னு நீங்களே சொல்லுங்க. அத்த எழுதிக்குவாங்க."

"எண்ணெ கெடச்சா யாருக்கு?" என்று நாட்டார் கேட்டார்.

பாய் திருப்பிக் கேட்பதற்குள் தாசில்தாரே பதில் சொன்னார். "எண்ணெய் கிடைச்சா டெல்லிக்கு. தகராறு வந்தா எனக்கு."

பக்கத்துக் குப்பத்துக்காரர்கள் முதலில் சொன்னார்கள். ஒருவர் ஆறு பாகம் என்றார். அடுத்தவர் ஏழு. மூன்றாமவர் கொஞ்சம் யோசித்து ஆறரை என்றார்.

கடலைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். கயிற்றை அப்படி அளந்துதான் நாங்கள் ஆழம் சொல்வோம்.

"முகத்துவாரக்குப்பம் யாருப்பா?" என்று தாசில்தார் கேட்டார்.

நாட்டார் என் முதுகில் கை வைத்துத் தள்ளினார். "நம்ம ஏழுமல பேசுவான் சாமி. மூணாங் கிளாஸ் படிச்சவன்."

"மூணாங் கிளாஸா? அப்போ வக்கீல் தேவையில்லை. எவ்வளவு ஆழம் வரைக்கும் போறீங்க? நேரா சொல்லு."

"எட்டு பாகம் சாமி."

"அதுக்கு வெளியே?"

"போறதில்ல."

"போறதே இல்லியா?"

"அங்க இன்னா கீது சாமி? சொம்மா தண்ணிதான் கீது."

இன்ஜினீயர் பாயிடம் ஏதோ சொன்னார். பாய் என்னைப் பார்த்தார். "தொரை இன்னொரு வாட்டி கேக்கச் சொல்றாரு. நெசமா எட்டுதானா?"

"எட்டுதான் பாய்."

குமாஸ்தா எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். திரும்பி மச்சானைப் பார்த்தேன். அவர் தலையை லேசாக ஆட்டினார். நன்றாகச் சொன்னாய் என்று அர்த்தம்.

பாதிதான் சொல்வோம்

சொன்னது பொய். அங்கே இருந்த மீனவர்கள் ஆறு பேருக்கும் அது பொய் என்று தெரியும். மற்ற மூவர் சொன்னதும் பொய் என்று எனக்கும் தெரியும்.

அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எங்களுக்குள் அது மரியாதை மாதிரி. கரை சேர்ந்ததும் ஒருவன் வந்து கூடையை எட்டிப் பார்ப்பான். "எத்தினி பாகத்துல பட்டுது?" என்பான். பாதி சொல்வோம். சிலர் பாதியிலும் பாதி. கேட்டவனும் நம்ப மாட்டான், கோபித்துக்கொள்ளவும் மாட்டான். முழுதாகச் சொன்னால்தான் அவனுக்குச் சந்தேகம் வரும்.

காரணம் இருக்கிறது. கடலுக்கு அடியில் எல்லா இடமும் ஒன்றல்ல. பெரும்பாலும் சேறும் மணலும். நடுநடுவே பாறை கிடக்கும். அதைப் பார் என்போம். பாரில்தான் சங்கராவும் கலவாவும் கூடும். மற்ற இடம் காய்ந்து கிடக்கிற மாதங்களிலும் பாரில் மீன் இருக்கும். ஆனால் பார் சின்னது. நாலு கட்டுமரம் நின்றால் அடைத்துக்கொள்ளும். அதனால் கண்டவன் வெளியே சொல்ல மாட்டான்.

எங்களுக்கு ஒரு பார் இருந்தது. செவலைப் பார் என்று பெயர். ஈயக்குண்டின் அடியில் சவுக்காரத் துண்டை, சோப்பைத்தான் சொல்கிறேன், ஒட்டிக் கயிற்றில் இறக்கினால், சவுக்காரத்தில் செம்மண் நிறத்தில் பொடி ஒட்டிக்கொண்டு வரும். என் மாமனார் கண்டது. ஒரு வருஷம் பட்டணத்தில் அவரிடம் மீன் வாங்க ஆள் இல்லாமல் போன சமயத்தில் சும்மா சுற்றிக் கண்டுபிடித்தாராம்.

அந்தச் சமயம் எது என்றால், யுத்தம்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் காலியான வருஷம். ராயபுரம் கல்மண்டபம் பக்கம் வீடு வீடாகப் பூட்டு தொங்கியது. கடற்கரையில் சிப்பாய் நின்றான். கடலில் இவ்வளவு தூரம்தான் போகலாம் என்று உத்தரவு. ஒரு வெள்ளைக்காரர் வந்து எவ்வளவு தூரம் போவீர்கள் என்று கேட்டார். மாமனார், "கரைய ஒட்டிதான் தொரை" என்றார். மரத்துக்கு ஒரு தகரத் துண்டு கொடுத்து, போகலாம் என்றார்கள். ரொம்ப தூரம் போகிறவன் என்று உள்ளதைச் சொன்னவனுக்குத் தகரம் கிடைக்கவில்லை. மாமனார் தகரத்தைக் கட்டிக்கொண்டு எப்போதும் போகிற தூரம் போனார்.

அந்தப் பொய் ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்டது. அதனால் சர்க்கார் கேட்டால் குறைத்துச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு ஊறிப்போய்விட்டது.

பக்கத்துக் குப்பத்துக்காரர் மூன்று பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததால்தான் எட்டு என்று சொன்னேன் என்று பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன். அதுவும் சரியில்லை. அவர்கள் இல்லாமல் இருந்திருந்தாலும் எட்டுதான் சொல்லியிருப்பேன்.

கிழக்கே பார்த்து உட்கார்

செவலைப் பார் இருக்கும் இடத்தை எனக்கே ஏழு வருஷம் சொல்லவில்லை.

நடுக்கடலில் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கரையில் இரண்டு பொருளை ஒன்றுக்குப் பின் ஒன்றாக நேர் சேர்க்க வேண்டும். வேறு திசையில் இன்னும் இரண்டு பொருளைச் சேர்க்க வேண்டும். இரண்டும் சேரும் இடம் பார். கோபுரம், பனந்தோப்பு, ஆலைப் புகைபோக்கி, தூரத்து மலை, எதுவாகவும் இருக்கலாம்.

நான் கல்யாணம் ஆகி அந்த மரத்தில் ஏறிய முதல் நாள் மச்சான் சொன்னார்: "மாப்ள, கெழக்க பாத்து குந்து."

கிழக்கே பார்த்தால் கரை முதுகுப் பக்கம். ஏழு வருஷம் அப்படியே துடுப்புப் போட்டேன். பார் நெருங்கும்போது பின்னால் மச்சானும் மாமனாரும் பேச்சை நிறுத்துவார்கள். அதிலிருந்துதான் வந்துவிட்டோம் என்று தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் அன்றோடு வேறு மரம் தேட வேண்டியதுதான்.

மாமனார் போன பிறகு ஒரு நாள் மச்சான், "திரும்பு" என்றார். திரும்பினேன். அடையாளத்தைச் சொன்னார். இரண்டே வரி. என் பெண்டாட்டி பட்டம்மாளுக்கு அது தெரியாது. அவள் அப்பன் கண்ட பார். அவளுக்கே தெரியாது.

செத்த மீன்

கொட்டகையில் கையெழுத்துப் போட்டு ஒரு மாதம் போயிருக்கும். காலை நேரம். மரம் பாருக்குப் போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் வெள்ளைக் கப்பல் நின்றது.

காதில் கேட்ட சத்தம் பெரிதில்லை. ஆனால் மரம் காலுக்கடியில் உதைத்தது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. கப்பல் வடக்கே போய்விட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாரின் மேல் தண்ணீர் வெள்ளையாக இருந்தது. சங்கரா, கலவா, பேர் தெரியாத குஞ்சுகள், எல்லாம் வயிறு மேலே இருக்க மிதந்தன. வாயில் குடல் வந்திருந்தது.

அள்ளினோம். வேறு என்ன செய்வது? மரம் அமிழும் வரை அள்ளினோம். கரையில் குப்பமே ஓடி வந்தது. பட்டம்மாள் மூன்று கூடை திருவொற்றியூர் சந்தைக்குக் கொண்டுபோனாள். சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். "டெல்லிக்காரன் நல்லவன்தான், தெனம் ஒரு வெடி வெக்கச் சொல்லு" என்று குப்பத்தில் ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் தூண்டில் இறக்கினோம். ஒன்றும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பதினைந்து நாள் போனோம். இரை போட்டது போட்டபடி திரும்பி வந்தது.

மச்சான் கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னார். "செத்துப் போச்சு மாப்ள."

"திரும்பி வரும் மச்சான்."

"கப்பலு திரும்பி வருதாமே. அத்த கேட்டியா?"

கேட்டிருந்தேன். மழை விட்டதும் அதே வழியில் திரும்பி வரும், இன்னும் நெருக்கமாக வெடி வைக்கும் என்று துறைமுகத்தில் பேசிக்கொண்டார்கள். இன்னொரு முறை வைத்தால் பாரில் எதுவும் மிஞ்சாது.

மேலே ஒருவருக்கு, கீழே ஒருவருக்கு

காதர் பாயைக் கூட்டிக்கொண்டு மெட்ராஸில் மீன் இலாகா ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி உட்காரச் சொன்னார். மோர் வாங்கிக் கொடுத்தார். பிறகு சொன்னார்.

"மீன் எங்களுதுதான்பா. ஆனா கடலுக்கு அடியில கிடக்கிற மண்ணு, அதுக்குள்ள இருக்கிற எண்ணெய் எல்லாம் மத்திய சர்க்காருக்குன்னு சட்டம். அங்க வெடி வைக்காதேன்னு நாங்க சொல்ல முடியாது."

மச்சான் கேட்டார். "மீனு மேல நீஞ்சினா மெட்ராசுது. சரி. அடில போயி மண்ணுல படுத்துகினா யாருது சாமி?"

அதிகாரி சிரித்துவிட்டார். "அது எனக்கும் தெரியலப்பா" என்றார்.

அவரே இன்னொன்றும் சொன்னார். கரையிலிருந்து சில மைல் தூரத்தில் ஒரு கோடு இருக்கிறதாம். அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போனால் மீனும் டெல்லியைச் சேர்ந்ததாம்.

"எங்க போட்டுகீறாங்க கோடு?" என்றார் மச்சான். "நானும் இத்தினி வருசமா போய்கினு வந்துகினு கீறேன். மரத்துல இடிக்கவேயில்லியே."

வெளியே வந்து டிராம் ஓடிய பழைய தண்டவாளத்தின் ஓரம் நின்றோம். பாய் பீடி பற்றவைத்தார்.

"எண்ணூர் உப்பு டெல்லிது. அதே தண்ணில கீற மீனு மெட்ராசுது. மீனுக்கு உப்பு போட்டு கருவாடு ஆக்கிட்டா அது என்னுது. நான்தானே விக்கிறேன்" என்றார் பாய். எங்களைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னார். மச்சான் சிரிக்கவில்லை.

அச்சில் இருந்தது

பிறகு பாயும் நானும் துறைமுகத்துக்குப் போய் இன்ஜினீயரைப் பார்த்தோம். மச்சான் வரவில்லை.

அவர் கோபப்படவில்லை. ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். என் கையெழுத்து. எட்டு என்ற எண். அவர் பேசியதைப் பாய் சொன்னார்.

"நான் ரெண்டு வாட்டி கேட்டேன்றாரு. நீ எட்டுன்னு சொன்னே. அதுக்கு அந்தாண்ட காலி எடம்னு எழுதிகீது."

பிறகு ஒரு படத்தை விரித்தார். அதுவரை நான் கடல் படம் பார்த்ததில்லை. கரை ஒரு கயிறு மாதிரி வளைந்திருந்தது. கடல் முழுக்க எண்கள். தரைப் பக்கம் வெறுமையாக இருந்தது. எங்கள் குப்பம் இல்லை. எண்ணூர் ரயில் ஸ்டேஷன்கூட இல்லை.

ஆனால் திருவொற்றியூர் கோபுரம் இருந்தது. ஆலைப் புகைபோக்கி இருந்தது. பனந்தோப்பு இருந்தது. வடமேற்கே நகரி மலையின் உச்சி, நாங்கள் மூக்கு என்று சொல்வது, இருந்தது. கப்பல்காரர்கள் வழி பார்க்க அச்சடித்திருக்கிறார்கள்.

பெண்டாட்டிக்கும் சொல்லாமல் வைத்திருந்த பொருட்கள் அத்தனையும் அச்சில் இருந்தன. எதை எதோடு சேர்ப்பது என்பது மட்டும்தான் அதில் இல்லை.

சிவப்புப் பென்சிலில் எட்டுப் பாகத்தில் ஒரு கோடு. அதற்கு அப்பால் இன்ஜினீயர் விரலை ஓட்டினார். கப்பல் போகும் வழி. விரல் செவலைப் பாரின் மேலேயே போனது. அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

"எடத்தக் காட்டுன்றாரு" என்றார் பாய். "காட்டினா சுத்தி ஒரு வட்டம் போடுவாராம். வட்டத்துக்குள்ள வெடி கெடையாது. கையெழுத்து போட்டுத் தருவாராம். ஆனா…"

"ஆனா இன்னா?"

"வட்டம் போட்ட படத்த எல்லா குப்பத்துலயும் ஒட்டணுமாம். அது ரூலாம். திங்கக்கெழம கப்பலு கெளம்புது. அதுக்குள்ள சொல்லு."

அன்றைக்கு வியாழன்.

வீட்டில்

மச்சான் எங்கள் வீட்டு வாசலில் வலை முடிந்துகொண்டிருந்தார். சொன்னேன். கையை நிறுத்தாமலே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"கப்பலு வரும், போவும். பக்கத்து குப்பத்தான் வந்தா போவே மாட்டான்."

"கப்பலு போனப்பறம் அங்க இன்னா இருக்கும் மச்சான்?"

"கல்லு இருக்கும். மீனு பத்து வருசம் கழிச்சி வரட்டும். அப்ப என் புள்ளிங்க புடிக்கட்டும். அடையாளம் நம்மகிட்ட கீதே."

"பத்து வருசம் இன்னா துன்றது?"

"எங்கப்பன் சாவுறப்ப சொன்னது அது. உனக்கு நான் சொன்னேன். உன்ன நம்பி சொன்னேன்."

கீழே கிடந்த நூல் கண்டை எடுத்து அவர் பக்கம் வைத்தேன்.

பட்டம்மாள் உள்ளிருந்து வந்தாள். மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள்.

"எங்கப்பன் கண்ட பாரு. எனக்கு எங்கேன்னு சொன்னீங்களா ரெண்டு பேரும்? இல்ல. மூணு மாசமா காலி கூடய தூக்கிகினு நான்தான் சந்தைக்கும் வூட்டுக்கும் நடக்கிறேன். எங்கப்பன் பேர கொயம்புல போட்டு கொதிக்க வெக்க முடியுமா?"

"நீ சும்மா இரு" என்றார் மச்சான்.

"நான் சும்மாதான் கீறேன். கூட சும்மா கீது, நானும் சும்மா கீறேன்." என்னைப் பார்த்தாள். "தோ பாரு. சொல்றதுன்னா முழுசா சொல்லு. அங்க போயி அதுலயும் பாதி சொல்லிட்டு வந்தே, வூட்டுக்கு வராத."

மச்சான் வலையை வைத்துவிட்டு எழுந்தார். "நீ போவே மாப்ள. எனக்குத் தெரியும். நான் வர மாட்டேன். உன்ன தடுக்கவும் மாட்டேன்." மணலில் இறங்கிப் போய்விட்டார்.

லாஞ்ச்

சனிக்கிழமை காலை துறைமுகத்திலிருந்து லாஞ்சில் கிளம்பினோம். இன்ஜினீயர், ஓட்டுகிறவர், காதர் பாய், நான். பாய் அதுவரை கடலில் போனதில்லை. தூண்டில் விற்று முப்பது வருஷம். துறைமுக வாசலைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிட்டார்.

"ஏழுமல, ஜல்தி காட்டிட்டு கரைக்குப் போலாம்பா. அல்லா மேல சத்தியமா இனிமே தூண்டிலே விக்க மாட்டேன்."

இன்ஜின் சத்தத்தில் கடல் வேறு மாதிரி இருந்தது. நான் மேற்கே பார்த்து நின்றேன். கோபுரம் புகைபோக்கிக்கு நேரே நெருங்கி வந்தது. நகரி மூக்கு பனந்தோப்பின் தென் கோடிக்கு மேல் ஏறியது. வாயைத் திறக்கவே முடியவில்லை. பாரைத் தாண்டிப் போய்விட்டோம். கொஞ்ச தூரம் போனதும் பாயின் தோளைத் தட்டினேன்.

"திருப்பச் சொல்லு பாய்."

திருப்பினார்கள். இரண்டாம் முறை சொன்னேன். கோபுரத்தை எதோடு சேர்ப்பது, மூக்கை எதன்மேல் ஏற்றுவது, எல்லாம் சொன்னேன். பாய் தலையைத் தூக்காமலே இந்துஸ்தானியில் சொன்னார். இன்ஜினீயர் கருவியைக் கண்ணில் வைத்துக் கோணம் பார்த்தார். எழுதினார்.

பிறகு ஈயக்குண்டை இறக்கினார். அவருடைய குண்டின் அடியிலும் குழி இருந்தது. அதில் மெழுகு வைத்திருந்தார். எங்கள் சவுக்காரம் மாதிரி. பதினேழு பாகம் போனது. மேலே இழுத்தார். மெழுகில் சிவப்புப் பொடி.

அவர் அதை விரலால் தேய்த்துப் பார்த்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். படத்தில் அந்த இடத்தில் வெறும் சேறு என்று இருந்ததாம். அடித்துவிட்டுப் பாறை என்று எழுதினார். சுற்றி வட்டம் போட்டார்.

"உன் பேரு இன்னான்னு கேக்கறாரு" என்றார் பாய். "பாறைக்கு உன் பேரு வெக்கலாம்ன்றாரு."

"என் பேரு வேணாம். செவலைன்னு எழுதச் சொல்லு."

எழுதினார்.

சொன்னதும் சொல்லாததும்

நான் சொல்லச் சொல்லப் பேரன் எழுதும் இந்தப் பத்திரிகைத் தொடரைப் படிக்கிற ஒருவர் சென்ற வாரம் கடிதம் எழுதியிருந்தார். கடலில் எண்ணெய் எடுத்தால் அதில் கரையோர மாநிலத்துக்கு எவ்வளவு, டெல்லிக்கு எவ்வளவு என்று இப்போது பேசுகிறார்களே, உங்கள் அபிப்பிராயம் என்ன என்று கேட்டிருந்தார்.

எனக்குச் சட்டம் தெரியாது. பேப்பரில் வருவதைப் பேரன் படித்துச் சொல்கிறான். மாநிலம் கேட்கிறது. டெல்லி கொடுக்க மாட்டேன் என்கிறது. இரண்டு பேரும் படத்தை வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள். படத்தில் காலி என்று எழுதிய இடத்துக்கு யாரும் சண்டை போட மாட்டார்கள்.

எங்கள் இடம் காலி என்று எழுதப்பட்டதற்குக் காரணம் டெல்லி இல்லை. மெட்ராசும் இல்லை. கேட்டார்கள். இரண்டு முறை கேட்டார்கள். எட்டு என்று நான் சொன்னேன்.

முழுதாகச் சொன்ன பிறகு அது காலி இடம் இல்லை. ஆனால் எங்கள் இடமாகவும் இல்லை. எது பெரிய நஷ்டம் என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். மச்சான் ஒன்று சொல்வார். பட்டம்மாள் ஒன்று சொல்வாள். இரண்டும் சரியாகத்தான் படும்.

வட்டத்துக்குள்

திங்கட்கிழமை கப்பல் கிளம்பியது. வட்டத்தை விட்டு விலகிப் போனது. வெடிச் சத்தம் தூரத்தில் கேட்டது. நாலைந்து நாளில் முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எண்ணெய் இருந்ததா என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

படத்தை நாட்டார் வீட்டுச் சுவரில் ஒட்டினார்கள். பக்கத்துக் குப்பங்களிலும் ஒட்டினார்கள். முதல் வாரம் யாரும் அதன் அருகே போகாதது போல நடந்தார்கள். பிறகு குழந்தைகூட அதைக் காட்டிப் பேச ஆரம்பித்தது.

மச்சான் என்னோடு மரத்தில் வந்தார். பேசவில்லை. "கயிறு", "இழு", "போதும்". அவ்வளவுதான். வேறு ஆள் தேடியிருக்கலாம். தேடவில்லை. அதைப் பற்றி நான் கேட்கவும் இல்லை.

தை மாதக் கடைசியில் ஒரு நாள் செவலைப் பாரில் தூண்டில் இறக்கினோம். இழுத்தது. சின்னச் சங்கரா. சிவப்பு. உயிரோடு துள்ளியது. மச்சான் அதைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். அன்றைக்குப் பதினைந்து மீன். கரையில் பக்கத்துக் குப்பத்துக்காரன் ஒருவன் கூடையை எட்டிப் பார்த்தான். எத்தனை பாகம் என்று கேட்கவில்லை.

மறுநாள் விடிந்து வெளிச்சம் வந்தபோது பாரை நெருங்கினோம். தூரத்திலேயே தெரிந்தது. பாய் விரித்த மரம், பாய் சுருட்டிய மரம், வடக்கிலிருந்து வந்தவை, தெற்கே காசிமேட்டிலிருந்து வந்தவை. ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன.

ஒரு மரத்திலிருந்து குரல் வந்தது. "இன்னா காத்தவராயா, லேட்டு? வட்டத்துக்குள்ள எடம் கீதா பாரு!"

எல்லா மரத்திலும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மச்சான் எழுந்து நின்றார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"நவுருடா பேமானி!" என்று கத்தினார். "டெல்லிக்காரன் போட்ட வட்டம்டா அது. எங்கப்பன் போட்டிருந்தா நீ இங்க வந்திருப்பியா?"

இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். இரண்டு மரம் விலகி வழி விட்டது. நுழைந்தோம். மச்சான் உட்கார்ந்து இரை கோத்தார்.

"எத்தினி மரம்னு எண்ணு மாப்ள" என்றார். இரண்டு மாதத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

எங்கள் மரத்தைச் சேர்க்காமல் எண்ணினேன்.

நாற்பத்து மூன்று.